மிச்சமில்லாத சுறாப் புட்டு

கடலுணவுப் பாதுகாப்பு மற்றும் மக்கள் மனநிறைவு மண்டல மையம் சிங்காநல்லூரில், மூடிப்போன ஒரு மில்லின் பஞ்சுக் கிடங்கில் இயங்கி வந்தது. கோயமுத்தூரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைக் கண்ணால் பார்க்க அரை நாள் ஆகும். கடல் இல்லாத ஊரில் எதற்குக் கடலுணவு மையம் என்று திறப்பு விழாவில் யாரோ கேட்டார்களாம். இயக்குநர் கோவிந்தராஜுலு சொன்ன பதிலைப் பிறகு சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள்: "கடற்கரையில் அமைத்தால் மீனைப் பற்றித் தெரிந்தவர்கள் அடிக்கடி வந்து தொந்தரவு செய்வார்கள். நடுநிலைமை கெட்டுவிடும்."

சுப்பண்ணன் அந்த வாசலில் வந்து நின்றபோது கையில் ஒரு எவர்சில்வர் போசி இருந்தது. போசி நிறைய ஐஸ். ஐஸுக்கு நடுவில் பாலிதீன் பையில் சுற்றிய, உள்ளங்கை அகலச் சுறாத் துண்டு. காவலாளி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். உள்ளே மீன் கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு. உள்ளே வேலை செய்கிறவர்களில் பலர் சைவம், வாடை ஆகாது. சுப்பண்ணன் வாதாடுகிற ஆள் இல்லை. போசியைக் காவலாளியின் நாற்காலிக்கு அடியில் நிழலாகப் பார்த்து வைத்தார்.

"கொஞ்சம் பார்த்துக்கோங்க. பூனை கீனை வந்துபோடும்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனார்.

அந்தத் துண்டின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும்.

சுப்பண்ணன் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதுக்கரைப் பக்கம் கொஞ்சம் தோட்டம் உண்டு, எருமைகளோடு வளர்ந்தவர். இன்றைக்கும் சொந்தத்தில் யாராவது சந்தைக்கு எருமை பிடிக்கப் போனால் அவரைத்தான் கூட்டிப் போவார்கள். வயிற்றையும் விலாவையும் ஒரு பார்வை பார்த்தே எத்தனை லிட்டர் கறக்கும் என்று சொல்லிவிடுவார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. ஒரே மகள் கீதா தலைச்சன் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தபோது, பத்தியம் பார்க்கவும் பக்குவம் சொல்லவும் பெண்பிள்ளை யாரும் இல்லை. எல்லாம் அவரே பார்த்தார்.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு கொடுத்தால் பால் ஊறும் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி. கடற்கரைக்காரர்கள் அதற்குக் கைக்கு அடக்கமான சின்னச் சுறாவாகப் பார்த்து, பிள்ளை பிறந்த பிறகு நாலு நாள் செய்து போடுவார்கள். சுப்பண்ணன் எருமைக்காரர். கன்று போட்ட பிறகு தீவனம் வைப்பவன் மடையன், சினையாக இருக்கும்போதே வைத்தால்தான் மடி இறங்கும் என்பது அவர் அனுபவம். அதனால் ஐந்தாம் மாதமே தொடங்கிவிட்டார். மீன் மார்க்கெட்டில் குட்டிச் சுறாக்களை ஒதுக்கிவிட்டு, எருமை பிடிக்கிற அதே கண்ணால் வயிற்றையும் விலாவையும் பார்த்து, ஆள் நீளத்துக்குக் கிடந்த பெரிய சுறாவாகப் பார்த்து வெட்டச் சொன்னார். மீன்காரருக்குச் சந்தோஷம். வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. மஞ்சள் போட்டு அவித்து, தோலுரித்து, உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் அள்ளிப் போட்டு வதக்கி, தட்டில் குவித்து வைப்பார்.

"அப்பா, என்னைய எருமைன்னே முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கீதா சிரித்துக்கொண்டே தின்பாள்.

பையன் பிறந்தான். சபரீஷ் என்று பெயர் வைத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தான். தலை நிற்க வேண்டிய மாதத்தில் நிற்கவில்லை. கிலுகிலுப்பை ஆட்டினால் திரும்பவில்லை. கைவிரல்கள் எந்நேரமும் எதையோ எண்ணுவதுபோல் நடுங்கின. பிறகு வலிப்பு வந்தது. வலிப்பு வந்தால் உடம்பு வில்லாக வளையும். அதற்குப் பிறகு நெடுநேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். எட்டாம் மாதம், அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபடியே போய்விட்டான். மதுக்கரைத் தோட்டத்தில், வேலியோரம் வேம்புக்குக் கீழே புதைத்தார்கள்.

தாயின் ரத்தத்தையும் முடியையும் பரிசோதித்த டாக்டர், பாதரசம் அளவுக்கு மீறி இருக்கிறது என்றார். பெரிய கடல்மீன் நிறையச் சாப்பிட்டார்களா என்று கேட்டார். சின்ன மீனில் கொஞ்சம் இருக்கும். அதைத் தின்கிற மீனில் கூடும். அதையும் தின்று வருஷக்கணக்கில் கடலில் கிடந்த பெரிய சுறாவில் எல்லாம் சேர்ந்து நிற்கும். வயிற்றுப் பிள்ளைக்கு அது நேராக மூளைக்குப் போகும். எதிரில் உட்கார்ந்திருந்த சுப்பண்ணன், தான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த விலாக்களை எல்லாம் நினைத்துக்கொண்டார். இதை அப்படியே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்தார். பாதரசம் இருக்கிறது என்று எழுதலாம், எதிலிருந்து வந்தது என்று எழுத முடியாது. அதைச் சொல்ல அரசாங்கத்தில் தனியாக ஒரு மையம் இருக்கிறது.

இதெல்லாம் நடந்து முடிந்த சங்கதி என்றால் சுப்பண்ணன் போசியைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்க மாட்டார். கீதா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். கொடுமுடியிலிருந்து அவள் மாமியார் நஞ்சம்மாள் போன் செய்து, கார்த்திகை கழிந்ததும் தானே வந்து உடனிருந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

"போன வாட்டி ஆம்பள ஊடு, கைக்குறைச்சலாப் போச்சுங்க சம்பந்தி. உங்களச் சொல்லிக் குத்தமில்லீங்க. பால் பத்தாமத்தான் எம் பேரன் வாடிப் போயிட்டான். இந்த வாட்டி சுறாவுக்கு நானே சொல்லி வெச்சிருக்கறேன். மொதல்ல இருந்தே போட்டு ஊட்டிப்போடலாம்."

சுப்பண்ணன் டாக்டர் சொன்னதைச் சொன்னார். அந்தத் தாளில் மீன் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று நஞ்சம்மாள் கேட்டார். ஆஸ்பத்திரியில் தெர்மாமீட்டர் உடைந்திருக்கும், அது பிள்ளை வாயில் போயிருக்கும் என்றார். கடைசியில், "கவர்மெண்டுல சொல்லட்டுமுங்க, அப்ப நான் கேட்டுக்கறேன்" என்று முடித்துக்கொண்டார்.

போனை வைத்ததும் கீதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தான் சொன்னால் எடுபடாது என்றாள். அவர்களைப் பொறுத்தவரை பையன் பசியில் போனான்.

"பசியிலன்னா அது எம்மேலதானுங்கப்பா?" என்றாள்.

அதனால்தான் போசி. அன்றைக்குக் கீதாவுக்கு வாங்கியதில் மீந்து, பிரீசரின் மூலையில் கிடந்த துண்டு அது.

மையத்தின் உள்ளே, தொழில்நுட்ப அலுவலர் அபிலாஷ் மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். புகார் எழுத வேண்டும் என்றால் பாதிக்கப்பட்டவர் நேரில் வர வேண்டும் என்றார்.

"அவன் வரமாட்டானுங்க. போய்ச் சேர்ந்துட்டானுங்க."

அபிலாஷ் வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டு வயதைக் கேட்டார். எட்டு மாசம் என்றார் சுப்பண்ணன்.

"எட்டு மாசக் கொழந்தை சுறா சாப்பிட்டுதுங்களா?"

"இல்லீங்க. அவனுக்குப் பல்லே மொளைக்கல. அம்மா பாலுதான் குடிச்சான்."

அபிலாஷின் முகம் தெளிந்தது. பேனாவை மூடி வைத்தார். "அப்ப இது பால் சம்பந்தப்பட்ட புகாருங்க. எங்களுக்கு வராது. பாலுக்குன்னு தனி ஆபீஸ் இருக்குது."

சுப்பண்ணன் அந்த ஆபீசுக்கும் போனார். கறவை என்ன இனம், எத்தனையாவது ஈத்து என்று அங்கே கேட்டார்கள். மகள், தலைச்சன் என்றார் சுப்பண்ணன். அவர்கள் அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

முதல் நாள் மையத்திலிருந்து வெளியே வந்தபோதே போசி காலியாக இருந்தது. ஐஸ் கரைந்து தண்ணீர் கிடந்தது. சற்றுத் தள்ளி ஒரு பூனை வெயிலில் படுத்து முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தது. காவலாளி ரொம்பவும் சங்கடப்பட்டார். டீ குடிக்கப் போன நேரத்தில் நடந்துவிட்டதாம். ஆறுதலுக்காக, "பூனை நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார்.

இந்தச் செய்தி எப்படியோ இயக்குநர் காதுக்குப் போய்விட்டது. மறுவாரம் சுப்பண்ணனை அவரே கூப்பிட்டு அனுப்பினார். கோவிந்தராஜுலு கழுத்தில் மாலையும் நெற்றியில் சந்தனமுமாக, கறுப்பு வேட்டியில் இருந்தார். மலைக்கு மாலை போட்டிருந்தார். இனிமையான மனிதர். காபி வரவழைத்தார். பேரன் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துக் கண் கலங்கினார். மையம் இந்த விஷயத்தைச் சும்மா விடாது என்றார். முதற்கட்ட ஆய்வு ஏற்கெனவே முடிந்துவிட்டது. சம்பந்தப்பட்ட அதே மீன் ஒரு பூனைக்குக் கொடுக்கப்பட்டுப் பாதுகாப்பானது என்று தெரிந்திருக்கிறது. ஆனால் அத்தோடு திருப்தியடையும் ஆள் தான் இல்லை, அடுத்து விரிவான ஆய்வு நடக்கும் என்றார். சுப்பண்ணன் எழுந்து நின்று கும்பிட்டார்.

விரிவான ஆய்வு நடந்தது. மையத்தின் ஜீப் மார்க்கெட்டுக்குப் போய், புகாரில் சொன்னபடியே ஆள் நீளத்துக்கு ஒரு சுறாவை வாங்கி வந்தது. நான்கு பேர் இறக்கினார்கள். கூடவே, ஒரு மீனை மட்டும் பார்ப்பது பாரபட்சம் என்பதால், மத்தி, நெத்திலி, வாளை என்று கூடை கூடையாக மற்ற மீன்களும் வந்தன. எல்லா மீனையும் வெட்டி ஒன்றாகப் போட்டு அரைக்க வேண்டும். அரைத்த விழுதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். கோயமுத்தூருக்குப் பேர்போன கிரைண்டர்தான் மையத்தின் முதன்மைக் கருவி. கல்யாண மண்டபத்துக்கு மாவாட்டுகிற அளவில் ஒன்று நடு அறையில் நின்றது. பரிசோதனைக் கருவி இன்னும் வந்து சேரவில்லை. அதனால் விழுதை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். பெரிய சுறாவிலிருந்து ஒரு துண்டுதான் கிரைண்டருக்குப் போயிற்று. மத்தி மொத்தமும் போயிற்று.

முடிவு வந்த அன்று சுப்பண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அபிலாஷ் படித்துக் காட்டினார். பாதரசம் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது. சராசரியாக மீன் பாதுகாப்பானது.

சுப்பண்ணன் தாளை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எம்புள்ள மத்தி திங்கலீங்க. சுறாவ மட்டுந்தானுங்க தின்னா."

அபிலாஷ் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அவர் பேசத் தொடங்கினால் நடுவில் யாரும் குறுக்கிடுவதில்லை.

"ஏனுங்க சுப்பண்ணன், உங்க வருத்தம் எனக்குப் புரியுதுங்க. ஆனா நீங்க ஒரு மீனைப் பார்க்கறீங்க, ஒரு கொழந்தையப் பார்க்கறீங்க. அரசாங்கம் அப்படிப் பார்க்க முடியுங்களா? நாங்க மொத்தமாப் பார்க்கோணும். இந்த ஜில்லாவுல எத்தனை கொழந்தைங்க ஓடி ஆடி வெளையாடுது! அதுகளோட உங்க பேரனையும் சேர்த்துப் பார்த்தீங்கன்னா, உங்க பேரன் நல்லாத்தானுங்க இருக்கறான்."

இயக்குநர் சொன்னதில் தவறு எதுவும் இருப்பதாக அங்கே யாருக்கும் தோன்றவில்லை. சுப்பண்ணன் "சரிங்க" என்றார். சரி என்று நினைத்துச் சொல்லவில்லை. யார் பேசி முடித்தாலும் அப்படிச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

விஷயம் இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மிச்சச் சுறா குளிர்பதன அறையில் அப்படியே கிடந்தது. தணிக்கைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். அரசுப் பணத்தில் இவ்வளவு பெரிய மீன் வாங்கி ஒரு துண்டை மட்டும் பயன்படுத்தினால் அது வீணடிப்பு, தூக்கிப் போட்டால் அரசுச் சொத்தை அழித்த குற்றம், வைத்திருந்தால் மின்கட்டணம். மீனைப் பொதுமக்களுக்குப் பயன்படும் வழியில் தீர்க்க வேண்டும் என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார்கள்.

மதுக்கரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏழை எளிய கர்ப்பிணிகளுக்கு மொத்தமாக வளைகாப்பு நடக்க இருந்தது. வளையல், பூ, மஞ்சள், ஐந்து வகைச் சோறு எல்லாம் ஏற்பாடாகியிருந்தன. மையம் தன் பங்காகச் சுறாப் புட்டு வழங்கும் என்று இயக்குநர் அறிவித்தார்.

சேதி கேட்டதும் சுப்பண்ணன் டிவிஎஸ் ஃபிப்டியை எடுத்துக்கொண்டு மையத்துக்கு ஓடினார். இது அந்த மீன்தானா என்று அபிலாஷிடம் கேட்டார்.

"அதே மீன்தானுங்க. இந்த ஊர்லயே பரிசோதிச்ச மீன் இது ஒண்ணுதான். வேற மீனை நம்பி எப்படிங்க கொடுக்கறது?"

சுப்பண்ணன் இயக்குநரைப் பார்த்தே தீருவேன் என்று உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வரை உட்கார்ந்தார். இயக்குநர் வந்தார், பொறுமையாகக் கேட்டார், அவருக்கு ஒரு யோசனை உதித்தது. சுப்பண்ணன் கவலைப்படுவதற்குக் காரணம் அவர் வெளியில் நிற்பதுதான். உள்ளே வந்துவிட்டால் கவலை போய்விடும். புட்டை அவரே பரிமாறட்டும். புகார் கொடுத்தவரே பரிமாறினால் புகார் தீர்ந்துவிட்டது என்றுதானே பொருள்? பத்திரிகைக்குப் படமும் நன்றாக வரும்.

சுப்பண்ணன் வழக்கம்போல் "சரிங்க" என்றார். ஆனால் இந்த முறை அவர் அதை நினைத்துத்தான் சொன்னார்.

வளைகாப்பு அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் ஒலிபெருக்கி. கன்னத்தில் சந்தனமும் கை நிறையக் கண்ணாடி வளையலுமாகப் பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிலரைப் பார்த்தால் இன்னும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். இயக்குநர் பேசினார். தாய்ப்பால் என்பது தேசத்தின் முதலீடு என்றார். கடல் நமக்குத் தாய், தாய் பிள்ளைக்கு விஷம் கொடுப்பாளா என்று கேட்டுவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருந்தார். கைதட்டினார்கள். பிறகு தன்னைப் பற்றிச் சொன்னார்.

"நான் மாலை போட்டிருக்கறேன். மாலை போடாத நாள்லயும் மீன் தொடமாட்டேன். மீன் மேல எனக்கு ஆசையும் இல்லை, பகையும் இல்லை. இந்த நாற்காலிக்கு இதைவிடத் தகுதியான ஆள் கிடைப்பாங்களா?"

பேச்சு முடிந்ததும் அவரும் அலுவலர்களும் மாடியில் தனியாக ஏற்பாடு செய்திருந்த சைவச் சாப்பாட்டுக்குப் போனார்கள். படம் எடுக்கிறவர் மட்டும் கீழே இருந்தார். சுப்பண்ணனுக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, கையில் வாளியையும் கரண்டியையும் கொடுத்தார்கள்.

முதல் இலைக்கு முன்னால் குனிந்தார். பூண்டு வாசம் குப்பென்று வந்தது. அவர் வீட்டு அடுப்பங்கரை வாசம் அது. ஒரு கரண்டி அள்ளினார். கரண்டி இலைக்கு மேலே போயிற்று, படம் எடுக்கும்வரை அங்கேயே நின்றது, வாளிக்குத் திரும்பி வந்தது. படக்காரர் நல்ல மனிதர். நான்கைந்து கோணத்தில் எடுத்துவிட்டு அவரும் மாடிக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

முதல் இலையில் உட்கார்ந்திருந்தவள் பெயர் பொற்கொடி. ஏழாம் மாதம். அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனுங்க பெரீப்பா, எனக்கு வெக்காமப் போறீங்க? வாசத்துக்கு எச்சில் ஊறுது. கொஞ்சம் வெய்யுங்க."

சுப்பண்ணன் குந்தவைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிய பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தன் மகளுக்கு இதே மாதிரி சுறாவைத்தான் ஆக்கிப் போட்டதையும், பேரன் எப்படி இருந்தான், எப்படிப் போனான் என்பதையும் சொன்னார். விரல்கள் நடுங்கியதைத் தன் விரல்களால் காட்டினார்.

"உனக்கு எது பிரியமோ நான் ஊட்டுல இருந்து ஆக்கிக் கொண்டாந்து தாறேன். இது மட்டும் வேண்டாங் கண்ணு."

பொற்கொடி அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்து இலைக்காரியின் காதில் என்னவோ சொன்னாள். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். சுப்பண்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்கு வந்து சேரும் முன்பே சேதி வந்து சேர்ந்திருந்தது. ஒவ்வொரு இலையாக அவர் குனிந்தார். ஒவ்வொருத்தியும் கையை இலைக்குக் குறுக்கே வைத்து மறைத்தாள். வளையல் சத்தம் மட்டும் வரிசை நெடுகப் போயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் போதும் போதும் என்று மரியாதைக்கு மறுக்கிற மாதிரிதான் இருக்கும்.

சமையற்கட்டில் இருந்த மற்ற வாளிகளையும் அவரே எடுத்துக்கொண்டார். பொன்னாடை போர்த்தியவரை யார் தடுப்பார்கள்? டிவிஎஸ் ஃபிப்டியில் கால் வைக்கிற இடத்தில் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு நடையாகத் தோட்டத்துக்குக் கொண்டு போனார். வேலியோரம் பேரனுக்குப் பக்கத்தில் குழி வெட்டி அவ்வளவையும் கொட்டி மூடினார். வேறு எங்கே கொட்டினாலும் நாயோ கோழியோ தின்றுவிடும். இந்த இடத்தைத்தான் அவர் தினம் வந்து பார்க்கிறார். வாளிகளைக் கிணற்றடியில் கழுவித் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்.

மாடியிலிருந்து இறங்கி வந்த இயக்குநர் கழுவிக் கவிழ்த்திருந்த வாளிகளைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

மையத்தின் அறிக்கை அந்த மாதக் கடைசியில் வெளிவந்தது. கர்ப்பிணிகளுக்கு வழங்கப்பட்ட சுறாப் புட்டு சிறிதும் மிச்சமில்லாமல் தீர்ந்தது. தொடர்ந்து கண்காணித்ததில் அவர்களில் ஒருவருக்கும் எந்த உபாதையும் இல்லை. ஆகவே பெரிய சுறா கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பாதுகாப்பானது என்பது நடைமுறையில் நிரூபணமாகிவிட்டது. கிரைண்டர் ஆய்வைவிட இது ஒரு படி மேல் என்று இயக்குநர் முன்னுரையில் குறிப்பிட்டிருந்தார். பத்திரிகையில் படத்தோடு வந்தது. பொன்னாடை போர்த்திய சுப்பண்ணன் குனிந்திருக்கிறார். அண்ணாந்து பார்க்கிற பெண்ணின் இலைக்கு மேலே கரண்டி நிற்கிறது.

கார்த்திகை கழிந்தது. நஞ்சம்மாள் கொடுமுடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். துணிப்பை ஒன்று, நூல் கட்டிய தெர்மாகோல் பெட்டி ஒன்று. பெட்டியின் மூலையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே வாசல்வரை வந்திருந்தது. உள்ளே வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மடித்த பத்திரிகையை எடுத்து விரித்தார்.

"நீங்களே பரிமாறியிருக்கறீங்க சம்பந்தி. உங்க படமே வந்திருக்குதுங்க. ஊராமூட்டுப் புள்ளைகளுக்கெல்லாம் வாரி வாரிப் போட்டிருக்கறீங்க. எம்பட மருமகளுக்கு மட்டும் ஆகாதுன்னா என்னங்க அர்த்தம்?"

கீதா அறைவாசலில் வந்து நின்றாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். மீன்தான் என்று காட்ட அவர் கையில் தாள் எதுவும் இல்லை. டாக்டர் எழுத மாட்டார்; அரசாங்கம் எழுதிவிட்டது; அதிலும் அவர் படத்தைப் போட்டே எழுதிவிட்டது.

சுப்பண்ணன் செருப்பை மாட்டினார். "ஒரு நடை தோட்டத்துக்குப் போய்ட்டு வந்தரலாமுங்க சம்பந்தி. பெட்டியும் இருக்கட்டும், எடுத்துக்கோங்க" என்றார்.

மூவரும் ஆட்டோவில் போனார்கள். நஞ்சம்மாள் பெட்டியை மடியில் வைத்துப் பிள்ளையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தார். பேரனைப் புதைத்த அன்றைக்கு வந்ததுதான். அதன்பிறகு அவர் அங்கே வரவில்லை. வேம்புக்குக் கீழே பழைய மண்மேடு புல் முளைத்துத் தாழ்ந்திருந்தது. அதை ஒட்டிப் புதிதாக ஒரு மேடு, இன்னும் புல் முளைக்காத மண்.

நஞ்சம்மாள் பயந்துபோய்ச் சுப்பண்ணனைப் பார்த்தார். "இது யாருதுங்க?"

"படத்துல பார்த்தீங்களே, அந்தப் புட்டுங்க. ஒரு புள்ளையும் வாயில வெக்கல. அத்தனையும் இங்கதானுங்க இருக்குது."

நஞ்சம்மாள் பத்திரிகையை ஒரு முறை பார்த்தார். மண்ணைப் பார்த்தார். கரண்டி இலைக்கு மேலே நிற்பதும், இலையில் ஒன்றும் இல்லாததும் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. வேப்பங்காற்றில் முந்தானை அடித்துக்கொண்டது. அதை இழுத்துச் செருகக்கூடத் தோன்றவில்லை.

"பட்டினியாப் போயிட்டான்னு இத்தனை நாளா நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றார்.

"பட்டினி இல்லீங்க" என்றார் சுப்பண்ணன். "எம்புள்ள கிட்டப் பாலுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. கொடுத்ததெல்லாம் குடிச்சுப்போட்டுத்தான் போனான்."

கீதா அழுதாள். அவன் போன பிறகு அவள் மற்றவர்கள் முன்னால் அழுதது அன்றைக்குத்தான். நஞ்சம்மாள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் போகவில்லை. அதற்கு இன்னும் நாளாகும். பெட்டியில் சுற்றியிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மூடியைத் திறந்தார். மீன் பெரியதுதான், நல்ல விலாவாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார்.

"மம்பட்டி எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார்.

சுப்பண்ணன் எடுத்து வந்து வெட்டத் தொடங்கினார். முட்டியளவு போனதும் நிறுத்தினார். நஞ்சம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டச் சொன்னார். நாய் தோண்டிப்போடும் என்றார்.